வீணை ஜிர்ரென்று இரைகிறதா? மெழுகில் கை வைப்பதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீணை வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் முக்கால்வாசி நவராத்திரிக்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் வரும். வருஷம் முழுக்க அலமாரி மேல் துணி போர்த்திக் கிடந்த வீணையைச் சரஸ்வதி பூஜைக்காக இறக்குவார்கள். தூசி தட்டி, சுருதி கூட்டி, ஆசையாக ஒரு வரிசை வாசித்துப் பார்த்தால் ஜிர்ர். உடனே போன். "அண்ணா, மெழுகு போயிடுச்சு போல. மேளம் கட்டணுமா? இங்கே யார் கட்டுவாங்க?" (வீணையின் கழுத்தான தண்டியில் விரல் அழுத்தும் உலோகத் துண்டுகள்தான் மெட்டுகள்; அவற்றைப் புதிதாக மெழுகில் பதிப்பதுதான் மேளம் கட்டுவது.)

நான் ஆசாரி இல்லை. தஞ்சாவூரில் என் வீணையைச் செய்தவர் பட்டறையில் சில நாட்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததும், இங்கே வந்தபின் வேறு வழியில்லாமல் நானே பார்த்துக்கொண்டதும்தான் என் படிப்பு. இவ்வளவு நாளில் தெரிந்துகொண்டது ஒன்று: இரைச்சல் என்றதும் எல்லோரும் மெட்டையும் மெழுகையும்தான் சந்தேகப்படுகிறோம், குற்றவாளி பெரும்பாலும் வேறெங்கோ இருக்கிறான். மெழுகைச் சூடு பண்ணிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது கஷ்டம். அதனால், செய்ததைத் திரும்ப மாற்றிக்கொள்ளக்கூடிய வேலைகளை முதலில் செய்வோம், மாற்ற முடியாததைக் கடைசிக்கு வைப்போம்.

எந்த இரைச்சல் வேண்டாதது?

தம்பூராவில் குதிரைக்கும் (தந்திகளைத் தாங்கும் பாலம்) தந்திக்கும் நடுவில் ஒரு நூலைச் செருகி வைக்கிறோமே, எதற்கு? தந்தி குதிரையின் வளைந்த பரப்பை உரசிக்கொண்டே அதிர வேண்டும், அந்த உரசலில்தான் நாதம் விரியும். அந்த நூலுக்கு ஜீவா என்றே பெயர். வீணையின் குதிரை மேலிருக்கும் உலோகத் தகடும் முழுத் தட்டை இல்லை, லேசான வளைவு உண்டு. தந்தி அதை உரசித்தான் பேசும். எனவே வீணையில் கொஞ்சம் ரீங்காரம் இருந்தே தீரும். கிட்டார் வாசித்துவிட்டு வீணைக்கு வருகிற பிள்ளைகள் இதையே கோளாறு என்று நினைத்து, குதிரைக்கடியில் பஞ்சு வைத்து அடைப்பதைப் பார்த்திருக்கிறேன். வைக்காதீர்கள்.

நல்ல ரீங்காரம் எல்லா மெட்டிலும் ஒரே மாதிரி இருக்கும்; சுரத்தோடு எழுந்து சுரத்தோடு அடங்கும். கெட்டது ஒரு சுரத்தில் மட்டும் வரும், அல்லது மீட்டிய கணத்தில் தகரம் மாதிரி அடித்துவிட்டு நாதத்தையும் பாதியில் கொன்றுவிடும். இந்த இரண்டையும் காது பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் வீட்டைச் சோதியுங்கள்

சிரிக்காதீர்கள். வளையல், கைக்கடிகாரம், தாலிக்கொடி, சட்டைப் பொத்தான் என்று குடத்தை, அதாவது வீணையின் பெரிய உருண்டைப் பாகத்தை, தொடும் எதுவும் இரையும். எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஒருமுறை மீட்டுங்கள். பிறகு அறை. நம் வீடுகளில் ஜன்னலுக்கு ஜன்னல் திருட்டுக்குப் பயந்து இரும்புக் கம்பி போட்டிருக்கிறோம். அதில் ஒரு திருகு தளர்ந்திருந்தால் குறிப்பிட்ட ஒரு சுரத்துக்குக் கூடவே பாடும். கண்ணாடி ஷோகேஸ், குத்துவிளக்கின் தளர்ந்த தட்டு, எவர்சில்வர் டம்ளர் அடுக்கு எல்லாமே இதே ஜாதி. வீணையைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய் உட்காருங்கள். இரைச்சல் உங்களோடு அங்கே வரவில்லை என்றால் வீணையில் ஒன்றுமில்லை.

மின்வெட்டு நேரம் இந்தச் சோதனைக்கு ரொம்ப நல்லது. ஃப்ரிட்ஜ் ஓடாது, மின்விசிறி சுற்றாது. ஆனால் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதுவே உறுமிக்கொண்டிருக்கும், அதையும் அணையுங்கள்.

அடுத்து வீணையில் தொங்குவதும் திருகியிருப்பதும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இரைகிற சுரத்தை விடாமல் மீட்டிக்கொண்டிருக்க, இன்னொருவர் ஒவ்வொரு பாகத்தையும் விரலால் அழுத்தித் தொட்டுக்கொண்டே போக வேண்டும். தொட்டதும் இரைச்சல் நிற்கும் இடம்தான் விடை. தொட வேண்டியவை: சுரைக்குடுக்கை (தண்டியோடு சேரும் திருகு தளர்ந்திருக்கும்), நாகபாசத்துக்கு (தந்திகளைக் கட்டும் இடம்) பக்கத்தில் தந்திகளின் முனையிலுள்ள, சுருதியை நுணுக்கமாகத் திருத்தும் லங்கர் வளையங்கள், பிருடைகளில் (முறுக்காணிகளில்) சுற்றியதுபோக நீட்டிக்கொண்டிருக்கும் தந்தி முனைகள், தாளத் தந்திகள் ஏறிப்போகும் பக்கவாட்டு வளைவின் கால்கள், குடத்தின் ஓரத்தில் பதித்த அலங்காரப் பட்டைகள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு அக்கா வீட்டுக்குப் போனது நினைவுக்கு வருகிறது. அந்தர காந்தாரத்தில் மட்டும், அதாவது முதல் தந்தியான சாரணியின் 4-ஆம் மெட்டில் மட்டும், அப்படியொரு இரைச்சல். "மெட்டுதான் அண்ணா, எனக்கு நல்லாத் தெரியும்" என்று அடித்துச் சொன்னார். அவரை மீட்டச் சொல்லிவிட்டு நான் தொட்டுக்கொண்டே போனேன். குடம், குதிரை, லங்கர், சுரைக்குடுக்கை எதிலும் நிற்கவில்லை. யாளி முகத்துக்குப் பக்கத்தில் தந்தி வைப்பதற்கென்று ஒரு சின்ன மூடி போட்ட பெட்டி இருக்குமே, அந்த மூடி மேல் விரல் வைத்தேன். சட்டென்று நின்றது. விரலை எடுத்தேன், ஜிர்ர். வைத்தேன், நின்றது. மர மூடி சுருங்கி விளிம்பில் ஒரு நூலளவு இடைவெளி விழுந்திருந்தது. பழைய பட்டுப் புடவை ஓரத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி மடித்துச் செருகினோம். வேலை முடிந்தது. "அந்த மூடி இங்கேயிருந்து எவ்வளவு தூரம்! அதுக்கு எப்படிக் காந்தாரம் தெரியும்?" என்று கேட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் அது அதிர விரும்பும் ஒரு சுதி உண்டு. அந்தச் சுதி வரும்போது மட்டும் அது கிளம்பும். ஒரே ஒரு சுரத்தில் இரைச்சல் வருவதால் மட்டும் அந்த மெட்டு குற்றவாளி ஆகிவிடாது என்பதற்கு அந்த மூடிதான் சாட்சி.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி, அதே சுரத்தை வேறு தந்தியில் வாசிப்பது. சாரணியின் 4-ஆம் மெட்டில் வரும் காந்தாரம் பஞ்சமத் தந்தியில் 9-ஆம் மெட்டில் கிடைக்கும். அங்கேயும் இரைந்தால் குற்றம் சுதியில், அதாவது ஏதோ ஒரு பொருள் கூடவே அதிர்கிறது. அங்கே சுத்தமாக இருந்தால் குற்றம் அந்த மெட்டின் பக்கத்தில்.

தாளும் பேனாவும் எடுங்கள்

இப்போதுதான் முறையான சோதனை. மூன்று தாளத் தந்திகளையும் ஒரு கைக்குட்டையால் அடக்கிவிடுங்கள். அதோடு இரைச்சல் போய்விட்டால் மேலே படிக்க வேண்டாம், அந்த மூன்றில் ஒன்றுதான். போகாவிட்டால் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் நான்கையும் முதலில் திறந்தபடி, பிறகு 1 முதல் 24 வரை ஒவ்வொரு மெட்டாக, ஒரே பலத்தில் மீட்டுங்கள். இரையும் இடத்தைத் தாளில் புள்ளி வையுங்கள். அரை மணி நேரம் ஆகும். சலிப்பாக இருக்கும். ஆனால் அந்தத் தாள்தான் பிறகு பேசும்.

திறந்த தந்தியில் மட்டும் இரைந்து, எந்த மெட்டை அழுத்தினாலும் நின்றுவிட்டால் மேருவை (பிருடைப் பக்கம் தந்திகள் உட்காரும் கட்டையை) பாருங்கள். தந்தி உட்காரும் பள்ளம் ஆழமாகியிருக்கும், அல்லது அகலமாகி அதற்குள் தந்தி ஆடும். தற்காலிகமாக ஒரு துளி காகிதம் மடித்துப் பள்ளத்தில் வைத்துப் பாருங்கள், நின்றால் கண்டுபிடித்தாயிற்று.

ஒரே தந்தியில் எல்லா இடத்திலும் இரைந்தால் அந்தத் தந்தி, அல்லது குதிரையில் அந்தத் தந்தி உட்காரும் இடம். எல்லாத் தந்தியிலும் எல்லா இடத்திலும் என்றால் குதிரைத் தகடு தளர்ந்திருக்கலாம், குடத்தில் எங்காவது விரிசல் இருக்கலாம், அல்லது சுருதியை ரொம்ப இறக்கிவிட்டீர்கள். மூன்று கட்டைக்குக் கட்டிய வீணையைப் பாடுகிறவர் வசதிக்காக ஒன்றரைக்கு இறக்கினால் தந்தி தொளதொளவென்று மெட்டில் அடிக்கத்தான் செய்யும். அது வியாதி இல்லை. தடிமனான தந்தி போடுங்கள், இல்லையென்றால் சுருதியை ஏற்றுங்கள்.

ஒரு தந்தியில் குறிப்பிட்ட ஒன்றிரண்டு மெட்டில் மட்டும் என்றால்தான் மெட்டுக்கே போக வேண்டும்.

அதற்கும் முன் விரல். புதிதாகக் கற்பவர்களுக்கு இடது கை நகம் தந்தியை உரசும், அல்லது மெட்டை விட்டுத் தள்ளிப் பின்னால் அழுத்துவார்கள். மெட்டை ஒட்டி, உறுதியாக அழுத்துங்கள். வலது கை விரல், அதிர்ந்துகொண்டிருக்கும் தந்தியைத் திரும்பத் தொடும்போதும் நகம் பட்டு ஒரு கிர்ர் வரும். இதை வீணைக் கோளாறு என்று நினைத்து ஆறு மாதம் கவலைப்பட்டவர்கள் உண்டு.

தந்தி

கடலோர ஊர் நம்முடையது. எஃகுத் தந்திக்கு உப்புக் காற்று ஆகாது. சாரணியையும் பஞ்சமத்தையும் விரல் நுனியால் கீழ்ப்பக்கம் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தாலோ, மெட்டு படும் இடங்களில் நசுங்கிய தழும்பு தெரிந்தாலோ, மாற்றிவிடுங்கள். சுற்றுக் கம்பியாக இருக்கும் தந்திகளில் சுற்று தளர்ந்தால் தனியாக ஒரு இரைச்சல் வரும். சுற்றைத் திருகி இறுக்குவதெல்லாம் ஒரு நாள் கூத்து. தந்திகள் இந்தியாவிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது என்பதால் யார் போனாலும் இரண்டு செட் சொல்லிவிடுங்கள், பழைய தந்தியில் ஒரு துண்டைக் கையில் கொடுத்தே அனுப்புங்கள். கேஜ் (தந்தியின் தடிமன்) மாறி வந்தால் வம்பு.

மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் குதிரை இடம் மாறிவிடும், அப்புறம் 24 மெட்டும் சுருதி விலகிப் பேசும்.

குதிரை

ஒரு மெல்லிய காகிதத் துண்டு, பஸ் டிக்கெட் கனம் போதும். இரையும் தந்தியைக் கொஞ்சம் தூக்கி, குதிரைத் தகட்டுக்கும் தந்திக்கும் நடுவில் செருகி மீட்டுங்கள். நாதம் மொக்கையாகிவிடும், பரவாயில்லை. இரைச்சல் போயிற்றா? அப்படியானால் தகட்டின் பரப்பில்தான் கோளாறு. போகவில்லையா? குதிரையை விட்டுவிடலாம்.

தகட்டில் கோளாறு என்றால் முதலில் அழுக்கு. தந்திக்கும் தகட்டுக்கும் நடுவில் தூசியும் விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து பசை மாதிரி இருக்கும் (விரலுக்கு எண்ணெய் தொட்டு வாசிக்கும் வழக்கம் நமக்கு உண்டே, அது எப்படியோ அங்கேயும் போய்ச் சேரும்). உலர்ந்த பருத்தித் துணியைக் குச்சியில் சுற்றித் துடையுங்கள். முக்கால்வாசி இதிலேயே தீரும். அடுத்து, டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். தந்தி வருஷக்கணக்கில் உட்கார்ந்த இடத்தில் கோடு விழுந்திருந்தால் தந்தி அந்தப் பள்ளத்தின் விளிம்பில் மோதும். தற்காலிகமாகத் தந்தியை ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தி, புதுப் பரப்பில் உட்கார வைக்கலாம். நிரந்தர வழி தகட்டைத் தேய்ப்பது. அதைச் செய்யாதீர்கள். அந்த வளைவில்தான் வீணையின் குரலே இருக்கிறது. ஆசாரிகளே அதில் மணிக்கணக்காக உட்காருவார்கள், ஒரு தேய்ப்பு, ஒரு மீட்டு, ஒரு தேய்ப்பு, ஒரு மீட்டு என்று.

தகடு குதிரை மரத்திலிருந்து விட்டிருக்கிறதா என்று பார்க்க, பென்சில் முனையால் அங்கங்கே தட்டுங்கள். ஓர் இடத்தில் மட்டும் சத்தம் பொள்ளென்று மாறினால் அடியில் ஒட்டு விட்டிருக்கிறது. இதுவும் ஆசாரி வேலைதான்.

மெட்டு: என் தப்பிலிருந்து

என் வீணையில் ஒருமுறை சாரணியின் 8-ஆம் மெட்டில் இரைச்சல் வந்தது. 8-ஆம் மெட்டு துருத்திக்கொண்டு தந்தியை உரசுகிறது என்று முடிவு கட்டி, மெழுகைச் சூடாக்கி அதை அழுத்தி இறக்கினேன். இரைச்சல் இரண்டு மடங்கானது.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். 8-இல் விரல் வைத்தால் அதிர்வது 8-க்கும் குதிரைக்கும் நடுவிலுள்ள தந்தி மட்டும்தான். மேருப் பக்கம் இருக்கும் 7, 6, 5 எதற்கும் இதில் வேலை இல்லை. அதிரும் தந்தி மோத வேண்டுமானால் 9-லோ 10-லோ தான் மோதும். அதாவது 9 உயரமாக இருக்கிறது, அல்லது 8 தாழ்ந்து போயிருக்கிறது. தாழ்ந்திருந்த மெட்டை நான் இன்னும் தாழ்த்திவிட்டேன். இரையும் மெட்டைத் தொடாதே, அதற்கு அடுத்து குதிரைப் பக்கம் இருப்பதைப் பார்: மெட்டு விஷயத்தில் இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

எது உயரம் என்று கண்டுபிடிக்க ஒரு எஃகு ஸ்கேல் போதும். சரியாக மூன்று மெட்டுகளின் மேல் மட்டும் படும்படி வைத்து, இரு முனையையும் மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஊஞ்சல் மாதிரி ஆடினால் நடுவிலிருப்பது உயரம். குதிரைப் பக்கம் மெட்டுகள் நெருங்கிவிடுவதால் அங்கே பழைய வங்கி அட்டையின் ஓரம் உதவும். ஒரே மெட்டில் சாரணிப் பக்கம் உயரமும் அனுமந்தரப் பக்கம் தாழ்வுமாகவும் இருக்கலாம், இரண்டு ஓரத்திலும் பாருங்கள்.

மெட்டை விரலால் மெல்ல அசைத்தும் பாருங்கள். மெழுகிலிருந்து விட்டிருந்தால் ஆடும், ஆடினால் இரையும்.

உயரமான ஒரு மெட்டை மயிரிழை இறக்குவதும், தளர்ந்த மெட்டைத் திரும்ப உட்கார வைப்பதும் பொறுமையான புதியவர் செய்யக்கூடியவை. சால்டரிங் அயர்னைச் சூடாக்குங்கள். தந்திகளுக்கடியில் அட்டை செருகி மெழுகையும் பக்கத்து மெட்டுகளையும் மறையுங்கள். முனையை மெட்டின் மேல் தந்திகளுக்கு நடுவில் வையுங்கள், மெழுகின் மேல் அல்ல. சூடு உலோகம் வழியாக இறங்கி, மெட்டின் காலை ஒட்டிய மெழுகு மட்டும் லேசாகப் பளபளக்கும். அப்போதே அயர்னை எடுத்துவிடுங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும், அதிக நேரம் கொடுத்தால் வழிந்து அசிங்கமாகிவிடும். ஒரு மரத்துண்டால் நேராக அழுத்துங்கள், ஆறும்வரை கையை எடுக்காதீர்கள். ஹேர் டிரையர் வேண்டாம்; ஒரு மெட்டுக்குக் காட்டும் சூடு நாலு மெட்டுக்குப் பரவும்.

ஆறியதும் சுருதி பாருங்கள். மெட்டு முன்பின் நகர்ந்திருக்கும். போனிலுள்ள ட்யூனரில் அந்த மெட்டையும் இரு பக்கத்து மெட்டுகளையும் சரிபாருங்கள், பிறகு தம்பூராவோடு காதாலும். விலகியிருந்தால் திரும்பச் சூடு காட்டி நகர்த்துங்கள்.

மெழுகு உதிர்ந்து பள்ளம் விழுந்திருந்தால் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றாதீர்கள். வீணை மெழுகு என்பது தேன்மெழுகில் கரித்தூள் சேர்த்துக் காய்ச்சியது. அதற்குள்ள பிடிப்பு மெழுகுவர்த்திக்கு வராது, அதன் மேல் ஆசாரி கட்டும் மெழுகும் நிற்காது. தாழ்ந்த மெட்டை உயர்த்துவதும், ஐந்தாறு மெட்டுக்கு மேல் கோளாறு இருப்பதும், தண்டியே வளைந்திருப்பதும் நம் கையில் இல்லை. மேளம் கட்டத்தான் வேண்டும்.

மேடையில் ஒலிபெருக்கி வைத்தால் மட்டும் இரைகிறதா?

அது மின்சார உறுமல். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு மீட்டினால் சந்தேகம் தீரும். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயரை இரண்டு முனை அடாப்டரில் சொருகினால் எர்த் கிடைக்காது, அதுதான் பல இடங்களில் காரணம். இங்குள்ள பெரிய மூன்று உருண்டை முனை பிளக் நம் ஊர் 15 ஆம்பியர் பிளக்தான். நல்ல எலக்ட்ரீஷியனை வைத்து அதையே மாட்டிவிடுங்கள். உறுமலை நிறுத்துகிறேன் என்று எர்த் கம்பியை யாராவது வெட்டச் சொன்னால் கேட்காதீர்கள். உயிர் போகும்.

டர்பன் வெயிலும் ஜொஹானஸ்பர்க் வறட்சியும்

பிப்ரவரியில் கச்சேரிக்கு ஜொஹானஸ்பர்க் பக்கமுள்ள லெனேஷியா போவதென்றால் வீணையை முதல் நாள் இரவே காரில் ஏற்றி வைக்காதீர்கள். மறுநாள் காலை வெயிலில் கார் நின்றால் உள்ளே 50, 60 டிகிரி வந்துவிடும். மெழுகு உருகாவிட்டாலும் இளகிவிடும். மெட்டுகள் சாயும். எனக்கு ஒருமுறை ஆயிற்று. வழியில் ஹாரிஸ்மித்தில் டீ குடிக்க நிறுத்திய முக்கால் மணி நேரம்தான். லெனேஷியாவில் உறையைப் பிரித்தால் மேல் ஸ்தாயி மெட்டுகள் காற்றில் சாய்ந்த கரும்பு மாதிரி நின்றன. அன்றைக்குக் கீழ் ஸ்தாயியிலேயே சமாளித்தேன்.

குளிர்காலத்தில் பிரச்சினை வேறு. ஜொஹானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,750 மீட்டர் உயரம். ஜூன், ஜூலையில் காற்று வறண்டு கிடக்கும். டர்பன் ஈரத்தில் ஊறிய பலாமரம் அங்கே போனதும் சுருங்கும். பிருடை நழுவும் (சாக்பீஸ் தூள் தடவினால் பிடிக்கும்), குடத்தின் மேல்பலகை ஒட்டு விட்டு ஓரம் இரையும். ஒட்டு வீணையில் இணைப்புகள் அதிகம் என்பதால் பயமும் அதிகம், ஒரே மரத்தில் கடைந்த ஏகாண்ட வீணைக்கு அவ்வளவு இல்லை. போய்ச் சேர்ந்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டுவையுங்கள். பெட்டிக்குள், ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்ச் ஒன்றை வைக்கலாம். மரத்தில் படக் கூடாது. டர்பனுக்குத் திரும்பியதும் அதை எடுத்துவிட்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போடுங்கள்.

இப்படி ஊர் மாறியதால் வந்த இரைச்சல் என்று தோன்றினால் ஒரு வாரம் எதுவும் செய்யாதீர்கள். மரம் தன் ஊர்க் காற்றைத் திரும்பக் குடித்ததும் பாதி இரைச்சல் தானே அடங்கிவிடும். மீதிக்கு அந்தத் தாளைத் திரும்ப எடுத்து, 1-ஆம் மெட்டிலிருந்து புள்ளி வைத்துக்கொண்டு வாருங்கள்.